புறப்படும் கரையைக் காட்டாத திரை

இலங்கை 2022இல் வங்குரோத்து அடைந்தபோது உலகத்துப் படக்கருவிகள் அனைத்தும் கொழும்புக் காலிமுகத்திடலையே பார்த்திருந்தன. ஜூலை 9ஆம் திகதி ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்த மக்கள் அங்கிருந்த நீச்சல் குளத்தில் குளித்த காட்சியே அந்த நெருக்கடியின் அடையாளப் படமாக நிலைத்துவிட்டது. ஆனால் அதற்கு மூன்றரை மாதங்களுக்கு முன்னரே, நாடு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று ஏப்ரல் 12ஆம் திகதி அறிவிப்பதற்கும் முன்னரே, அதே நெருக்கடி மன்னார்க் கரையில் வேறொரு வடிவம் எடுத்திருந்தது. அங்கே கூட்டமும் முழக்கமும் இல்லை. இரவில் விளக்கில்லாமல் புறப்படும் ஒரு படகுதான் இருந்தது. சமகாலத் திரைப்படம் பொருளாதார, அரசியல் நெருக்கடிகளை எவ்வாறு எதிர்கொள்கிறது என்ற கேள்விக்கு இந்தப் படகை வைத்து விடை தேடினால், கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ தேடும்போது புலப்படாத சில குறைகள் புலப்படுகின்றன.

மன்னார்த் தீவின் மேற்கு முனையான தலைமன்னாருக்கும் தமிழகத்தின் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடல் கிடக்கிறது. ஆதாம் பாலம் என்றும் இராமர் அணை என்றும் அழைக்கப்படும் மணல் தொடர் இதன் குறுக்கே செல்கிறது. நீர் வற்றும்போது தலைகாட்டும் அந்த மணல் மேடுகளைக் கரையோர மக்கள் தீடை என்பார்கள். 1914 முதல் இந்த இடைவெளியைக் கப்பல் கடந்தது. சென்னையில் ரயிலேறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போய்ச் சேரலாம். 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் போர் தொடங்கிய காலத்தில் நின்றுபோனது. போரில் அழிந்த ரயில் பாதை 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறைவரை மீண்டும் வந்துவிட்டது, கப்பல் வரவில்லை. ஆகவே இன்று அந்த ரயில், பாதி வாக்கியத்தில் நிறுத்தப்பட்ட பேச்சைப்போலக் கடலோரம் வந்து நின்றுவிடுகிறது.

1990இல் போரிலிருந்து தப்பிய ஆயிரக்கணக்கானோர் இந்தக் கடலைத்தான் கடந்தார்கள். 2006இலும் அதுவே நடந்தது. 2022 மார்ச் 22ஆம் திகதி, தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள நான்காம் தீடையில் ஆறு பேர் நிற்பதைக் கண்டு இந்தியக் கடலோரக் காவல்படையினர் அவர்களை மீட்டார்கள். அந்த ஆறு பேரில் மூவர் பிள்ளைகள். ஒன்று நான்கு மாதக் கைக்குழந்தை. படகோட்டி அவர்களை மணலில் இறக்கிவிட்டுத் திரும்பியிருந்தார். இந்தியக் கரைவரை சென்றால் படகும் ஆளும் பிடிபடும் என்பதால் தீடையில் இறக்கிவிட்டுப் போவதே இந்தக் கடவையின் வழமை. அன்றிரவே இன்னும் பத்துப் பேர் கரை சேர்ந்தார்கள். இம்முறை எவரும் குண்டுக்குப் பயந்து ஓடிவரவில்லை. வந்தவர்கள் சொன்ன காரணம் விலைவாசியும் வேலையின்மையும்தான். அந்த வாரத்தில்தான் 400 கிராம் பால்மாப் பொதி ஒன்றின் விலை 250 ரூபாவால் ஏறி 790 ரூபாவாகியிருந்தது.

இந்த ஒரு நாளின் செய்தியில் ஒரு முழுத் திரைப்படத்துக்கு வேண்டிய பொருள் இருந்தது என்பதைத் திரைத்துறை உணராமல் இல்லை. அபிஷன் ஜீவிந்த் இயக்கி 2025 மே 1ஆம் திகதி வெளியான ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ இந்தப் பின்னணியிலிருந்தே பிறக்கிறது. பொருளாதார நெருக்கடியால் இலங்கையில் வாழ வழியற்றுப்போன தர்மதாஸ், வசந்தி தம்பதியர் தம் இரு பையன்களோடு கள்ளத்தனமாகப் படகேறி இராமேஸ்வரத்தில் இறங்குகிறார்கள். சென்னையில் வசந்தியின் சகோதரர் ஒரு குடியிருப்பில் அவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்து, ஊர் கேரளம் என்று சொல்லுமாறும் ஈழத்துப் பேச்சை மறைக்குமாறும் கட்டளையிடுகிறார். சசிகுமாரும் சிம்ரனும் நடித்த அந்தப் படம் பெருவெற்றி பெற்றது. அந்த வெற்றிக்கு அது தகுதியுடையதும்கூட. அகதியைக் கண்ணீர்ப் பாத்திரமாகவோ ஆயுதப் பாத்திரமாகவோ அன்றிப் பக்கத்து வீட்டுக்காரராகத் தமிழகத் திரைப்படம் காட்டியது அரிது. ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொண்டு வாழும் நகரத்துக்கு அயலாரின் சாவு வீட்டில் முன்னின்று வேலை செய்யும் பண்பை ஓர் ஈழத்துக் குடும்பம் நினைவூட்டுவது அதன் மையக் கருத்து.

ஆயினும் அந்தப் படத்தின் அமைப்பைச் சற்றே உற்றுப் பார்த்தால், நெருக்கடி அதில் கதையைத் தொடக்கிவைக்கும் தீக்குச்சியாக மட்டுமே பயன்படுவது தெரியும். கதை இறங்கும் கரையில் தொடங்குகிறது. புறப்பட்ட வீட்டில் கடைசியாக என்ன விற்கப்பட்டது, யாரிடம் கடன் வாங்கப்பட்டது, படகுக்குப் பணம் கட்டிய பின் கையில் என்ன மிஞ்சியது, வயதான தாயோ தகப்பனோ பின்தங்கினார்களா என்பவற்றுக்குத் திரையில் இடமில்லை. கரையில் பிடிபட்டவர்களைக் காவலர் ஒருவரின் இரக்கம் விடுவித்துவிடுவதால் மண்டபம் அகதி முகாமும் வழக்கும் பதிவும் கதைக்குள் வரவே இல்லை. உண்மையில் வந்தவர்கள்மீது முதலில் கடவுச்சீட்டுச் சட்டப்படி வழக்குப் பதிவானது. பின்னரே அவர்கள் முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். 2021இல் தமிழக அரசு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றிய அதே முகாம்கள்தாம். 2022 ஜூன் இறுதியில் தனுஷ்கோடியருகே கோதண்டராமர் கோயிலை அடுத்த கரையில் மயங்கிய நிலையில் மீட்கப்பட்ட முதிய தம்பதியரில் மனைவி சில நாட்களில் மருத்துவமனையில் இறந்துபோனார். நகைச்சுவை கலந்த குடும்பப் படத்தில் இதற்கு இடம் தேடுவது நியாயமல்ல என்று எவரும் வாதிடலாம், வாதம் சரியே. ஆனால் நெருக்கடியைப் பேசியதாகக் கொண்டாடப்பட்ட ஒரு படம், நெருக்கடியை அதன் விளைவிலிருந்தே தொடங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நெருக்கடி எங்கே தொடங்குகிறது என்பதை மன்னாரில் மண்ணெண்ணெயைக் கொண்டு அளக்கலாம். பேசாலை, தாழ்வுபாடு, வங்காலை போன்ற ஊர்களில் சிறுதொழில் செய்வோரின் கண்ணாடியிழைப் படகுகளில் பின்புறம் பூட்டப்படும் இயந்திரங்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுபவை. கடற்றொழிலில் நாட்கூலி கிடையாது. பங்கு என்ற முறையே உண்டு. அதாவது மீன் விற்ற பணத்தில் முதலில் எண்ணெய்ச் செலவைக் கழித்து, மிஞ்சியதில் படகுக்கும் வலைக்கும் உரியதைப் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி எடுத்துக்கொள்ள, எஞ்சியதைத் தொழிலுக்குப் போனவர்கள் பிரித்துக்கொள்வார்கள். ஊருக்கு ஊர் கணக்கு மாறினாலும் எண்ணெய்ச் செலவு முதலில் கழிவது மாறாது. 2022இன் முற்பகுதியில் மண்ணெண்ணெயே கிடைக்கவில்லை. கலன்களோடு வரிசையில் நின்றவர்கள் காற்று வாய்ப்பான நாட்களைக் கரையிலேயே கழித்தார்கள். ஓகஸ்ட் 22ஆம் திகதி லீற்றர் 87 ரூபாவாயிருந்த விலை ஒரேயடியாக 340 ரூபாவாக ஏறியது. ஒரு நாள் தொழிலுக்கு 25 லீற்றர் தேவை என்று வைத்துக்கொண்டால், 2,175 ரூபாவாக இருந்த செலவு மறுநாட் காலையில் 8,500 ரூபா. மீன் விலை அதே வேகத்தில் ஏறவில்லை. ஆகவே மீன் பிடிபட்ட நாளிலும் பங்கு வெறுமையாக முடியும் நிலை உண்டாயிற்று. போருக்கு ஓர் ஒலி உண்டு, அதைத் திரையில் கேட்கச் செய்ய முடியும். இந்தக் கழித்தற் கணக்கை எந்தக் காட்சியாக எடுப்பது என்பதே சமகாலத் திரைப்படத்தின் முன்னுள்ள கடினமான வினா.

இதற்கு வெளிநாடுகளில் கிடைத்த விடைகளில் இரண்டு மன்னாருக்கு நெருக்கமானவை. போர்த்துக்கல் அரசு கடன் கொடுத்தோரின் நிபந்தனைப்படி செலவுகளை வெட்டிய காலத்தைப் படமாக்க முனைந்த மிகேல் கோமிஷ், செய்தியாளர்களைக் கொண்டு நாட்டின் மூலைமுடுக்கிலிருந்து உண்மைச் சம்பவங்களைத் திரட்டி, அவற்றை ஆயிரத்தோர் இரவுகள் கதைகளின் பாணியில், ஆறு மணிநேரத்தைத் தாண்டும் மூன்று பாகங்களாக 2015இல் வெளியிட்டார். முதற்பாகத்தில் இயக்குநரான அவரே, இந்தத் துயரத்தையும் கதையின் இன்பத்தையும் ஒரே படத்தில் எப்படிச் சேர்ப்பது என்று தெரியாமல் படக்குழுவை விட்டு ஓடுகிறார்; விளையாட்டாகச் செய்ததுதான், ஆனால் நெருக்கடியைப் படமாக்க வருபவரின் நேர்மையான முதல் உணர்வு அதுவாகத்தான் இருக்க முடியும். மற்றவர் இத்தாலியின் ஜான்ஃபிராங்கோ ரோசி. ஆபிரிக்காவிலிருந்து அகதிகள் வந்திறங்கும் லம்பெடூசாத் தீவில் ஓராண்டுக்கு மேல் தங்கி அவர் எடுத்த ஆவணப்படம் 2016இல் பெர்லின் விழாவின் தங்கக் கரடி விருதைப் பெற்றது. அதில் மீனவக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் கவண் செய்து விளையாடுகிறான், ஒரு கண்ணின் பார்வை மங்கியதால் மருத்துவரிடம் போகிறான். அதே தீவின் கடலில் அகதிப் படகுகள் கவிழ்கின்றன. சிறுவனும் அகதியும் ஒரு காட்சியிலும் சந்திப்பதில்லை. மீனவத் தீவு ஒன்றின் அன்றாடத்தையும் கடலில் நடக்கும் பேரழிவையும் ஒன்றோடொன்று ஒட்டவைக்காமலே ஒரே படத்துக்குள் வைத்திருந்ததுதான் ரோசியின் திறமை.

லம்பெடூசா அகதிகள் வந்து சேரும் தீவு; மன்னார் அவர்கள் புறப்படும் தீவு. வந்து சேரும் இடத்தில் முகாமும் ஊடகமும் மனித உரிமை அமைப்புகளும் காத்திருப்பதால் படக்கருவியும் அங்கே எளிதில் நிற்கிறது. புறப்படும் இடத்திலோ எல்லாமே மறைவு: யார் படகு, எந்த வாடியில் ஒளிந்திருந்தார்கள், எந்த நேரம் கடற்படை சுற்றும் என்பவை சொல்லப்படாமல் இருப்பதில்தான் அந்தப் பயணத்தின் உயிரே இருக்கிறது. படகோட்டியைக் காட்டினால் அவரைக் காட்டிக்கொடுத்ததாகும். எனவே புறப்படும் கரை திரையில் இல்லாமற்போனதற்கு அக்கறையின்மை மட்டும் காரணமல்ல. ஆவணப்படம் நுழைய முடியாத அந்த இருட்டுக்குள் புனைவுப்படம் நுழையலாம். நுழைந்த படங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ இந்த வகையில் தனித்து நிற்கிறது. சோபாசக்தியோடு சேர்ந்து எழுதி, தனுஷ்கோடி மீனவர்களையும் அகதிகளையும் நடிக்கவைத்து அவர் எடுத்த அந்தப் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் மறுக்கப்பட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011இல் அனுமதி வழங்கிய பின்னரே அது வெளியுலகைக் கண்டது. இரு அரசுகளையும் குற்றஞ்சாட்டும் படம் அது. கடலில் சுடப்பட்டு இறக்கும் மீனவரும், கரையில் விசாரணைக்கு இழுக்கப்படும் அகதியும் ஒரே மணலில் நடமாடுகிறார்கள். ஆனால் அதன் மணல் இந்தியக் கரையின் மணல். தமிழகத்திலிருந்து இந்தக் கடலைப் பார்க்கும் படங்கள் இலங்கைக் கடற்படையைக் காண்கின்றன, இழுவைமடியைக் காண்பதில்லை. இழுவைமடி என்பது கடலடியைச் சுரண்டி, குஞ்சும் முட்டையுமாக எல்லாவற்றையும் வாரி வரும் பைவலை; இலங்கை 2017இல் அதைச் சட்டத்தால் தடைசெய்தது. தமிழக றோலர்கள் எல்லை தாண்டி வந்து மன்னார் மீனவர் விரித்த வலைகளை அறுத்துப்போகும் கதை வடகடலில் இரு பத்தாண்டுகளாக நீளும் துயரம். இரு புறத்தாரும் தமிழர், இரு புறத்தாரும் மீனவர், அநேகமாக இரு புறத்தாரும் அந்தோனியாரை வேண்டிக் கடலுக்கு இறங்குபவர்கள். மன்னாரில் எண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்த 2022இல் அந்தக் கடலில் யார் மீன் பிடித்தார்கள் என்ற கேள்வியை எந்தத் தமிழ்ப் படமும் இதுவரை கேட்கவில்லை. எதிரி வேற்றுமொழிக்காரனாக இல்லாத நெருக்கடியைச் சொல்லத் தமிழ்த் திரைக்கதைக்கு இன்னும் பழக்கம் வரவில்லை என்றே கொள்ள வேண்டும்.

சிங்களத் திரைப்படத்தின் நேர்மையான ஒரு கிளை, குறிப்பாகப் பிரசன்ன விதானகேயின் படங்கள், இந்த இடத்தில் கூடுதல் துணிவு காட்டியிருக்கின்றன. 2003இல் வெளியான அவருடைய ‘இர மதியம’ மூன்று கதைகளைச் சேர்த்துப் பின்னிய படம். அவற்றில் ஒன்று 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியதைப் பற்றியது. எருக்கலம்பிட்டி உள்ளிட்ட மன்னார் ஊர்களின் முஸ்லிம்கள் அன்று படகுகளில் ஏறிக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனார்கள். வடக்கிலிருந்து துரத்தப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பகுதியினர் மன்னார் மாவட்டத்தவர். படத்தில் அரபாத் என்ற பதினொரு வயதுச் சிறுவனின் கவலை முழுவதும் தன் நாயை எப்படிக் கூட்டிச் செல்வது என்பதுதான். அரசியல் கொள்கை, அறிக்கை, நியாயம் எதுவும் அந்தச் சிறுவனுக்குப் பொருட்டல்ல. வீட்டை விட்டுப் போகும்போது எதை எடுக்கலாம், எதை விட வேண்டும் என்ற பட்டியலுக்குள் நாய் அடங்காது என்பது அவனுக்கு விளங்குவதில்லை. இந்தக் கட்டுரை தேடும் புறப்படும் கரை, குறைந்தபட்சம் ஒரு தடவை, இவ்வாறு திரைக்கு வந்திருக்கிறது. வந்தது சிங்களப் படத்தில்; தமிழ்ப் படத்தில் அல்ல. அந்த வெட்கத்தைத் தமிழ்த் திரையுலகம் ஏற்றுக்கொள்வதே முறை.

இருபது ஆண்டுகள் கழித்து அதே விதானகே 2022இன் நெருக்கடியை ‘பாரடைஸ்’ படத்தில் கையாண்டார். 2023இல் பூசான் விழாவில் கிம் ஜிசோக் விருது பெற்ற இந்தப் படத்தில், ஐந்தாவது மணநாளைக் கொண்டாட இலங்கைக்கு வரும் மலையாளத் தம்பதியர், நாடு வீழ்ந்ததால் மலிவாகிவிட்ட பயணத்தை அனுபவிக்கிறார்கள். இராமாயண இடங்களைச் சுற்றிக்காட்டும் சுற்றுலா அது. இராமர் அணையின் ஒரு முனை தலைமன்னாரில் இருப்பதால், அந்தச் சுற்றுலா வணிகத்தின் கற்பனை வரைபடத்துக்குள் மன்னாரும் அடங்கியதே. மலைநாட்டு விடுதியில் இரவில் அவர்களுடைய மடிக்கணினியும் கைபேசியும் கொள்ளை போகின்றன. கணவன் காவல்துறையை நெருக்க, காவல்துறை அக்கம்பக்கத்துத் தோட்டத் தமிழரைப் பிடித்துவந்து அடிக்கிறது, ஒருவர் இறந்துபோகிறார். டொலர் கையிருப்பு வற்றியது, மின்வெட்டு, எரிபொருள் வரிசை ஆகிய அனைத்தும் படத்தில் உண்டு, ஆனால் எதையும் எவரும் விளக்கி உரையாற்றுவதில்லை. வீழ்ந்த நாட்டில் பணம் வைத்திருப்பவன் வாய்திறந்து முறையிடும்போது அந்த முறைப்பாட்டின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது மட்டும் படிப்படியாகத் தெரியவருகிறது. பொருளாதார நெருக்கடி எல்லோரையும் சமமாகத் தாக்குகிறது என்ற பொய்யை இதைவிடச் சுருக்கமாக உடைத்த படம் அண்மையில் வரவில்லை. காலிமுகத்திடலின் எழுச்சியைக் காட்டாமலே அந்த ஆண்டின் அரசியலைச் சொன்னது அதன் தனிச்சிறப்பு.

போர் முடிந்த பின்னரான பொருளாதாரத்தை இதற்கு முன்பே தொட்ட ஒரு படமும் நினைவுகூரத்தக்கது. அசோக ஹந்தகம தமிழில் எடுத்த ‘இனி அவன்’ (2012), ஊர் திரும்பிய முன்னாள் போராளி நகைக்கடைக் காவலாளி வேலையில் சேர்ந்து, அதன் வழியே கடத்தலுக்குள் இழுபடுவதைச் சொல்கிறது. அவன் வாங்கிய வேலை இன்னொருவரிடமிருந்து பறிபோன வேலை என்பதை அப்படம் மறக்கவில்லை.

மன்னாரில் சொல்வதற்குக் கதையும் கலையும் குறைவில்லை. மாதோட்டத்தின் நாட்டுக்கூத்தும், கத்தோலிக்க ஊர்களின் வாசாப்பும், பேசாலையின் பாஸ் நாடகமும் பல தலைமுறைகளாக ஊரைக் கூட்டி வைத்து விடிய விடியத் துன்பக் கதை சொல்லிவந்த மரபுகள். எஸ்.ஏ. உதயனின் நாவல்கள் அந்தக் கரையின் பேச்சையும் தொழிலையும் எழுத்தில் கொண்டுவந்திருக்கின்றன. குறைவது படத்துக்கான முதல். 2022க்குப் பின் அது இன்னும் குறைந்தது. இதனிடையே தீவுக்குப் புதிய நெருக்கடிகளும் வந்து சேர்ந்தன. தென்கரையோரம் தம்பபவனி என்ற பெயரில் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. அதானி நிறுவனம் திட்டமிட்ட அடுத்த தொகுதி 2025 பெப்ரவரியில் கைவிடப்பட்டது. ஆனால் மேலும் காற்றாலைகள் நடுவதற்கும் இல்மனைற் என்ற கனிய மணலை அகழ்வதற்கும் எதிராகத் தீவு மக்கள் 2025இல் வீதிக்கு இறங்கினார்கள். இந்த முறை புறப்படுவது மனிதர்கள் அல்ல, அவர்கள் காலடியிலுள்ள மணல்தான் என்று ஒரு திரைக்கதையாசிரியர் எழுதினால் மிகையென்று தோன்றும். தீவில் அது வெறும் செய்தி.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’யின் உச்சக்காட்சியில், ஒளிந்திருக்கும் குடும்பத்தைத் தேடிக் காவலர்கள் வரும்போது குடியிருப்பு மக்கள் எல்லோரும் ஈழத்தமிழில் பேசி அவர்களைக் காப்பாற்றுகிறார்கள். திரையரங்கில் கைதட்டல் விழும் இடம் அது. படம் வெளியாகி நான்கு மாதங்களில், 2025 செப்டெம்பரில், பதிவு பெற்ற இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, நுழைவிசைவு தொடர்பான தண்டனைகளிலிருந்து விலக்களித்து இந்திய ஒன்றிய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. 2015 ஜனவரி 9ஆம் திகதிவரை வந்து தஞ்சம் புகுந்தவர்களுக்கே அந்த விலக்கு செல்லும். நான்காம் தீடையில் நின்ற கைக்குழந்தை அதற்குள் அடங்காது.